இரவுக் கேளிக்கைக்காகப் பயணம் செய்பவர்கள் அறை எடுக்கும் முன்

பயண முன்பதிவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு நள்ளிரவுக்குப் பிறகு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ‘தூங்க முடியவில்லை, விடுதியை மாற்றிக் கொடுங்கள்’ என்பது ஒன்று. ‘அறைக்குத் திரும்ப வண்டி கிடைக்கவில்லை’ என்பது மற்றொன்று. கடந்த வார இறுதியில் இரண்டும் ஒரே இரவில் வந்தன. முதல் அழைப்பு, நான் தடுத்தும் கேளாமல் நடனக் கூடத்துக்கு நேர் மேலே இருந்த அறையை எடுத்தவர்களிடமிருந்து. பணத்தைத் திருப்பித் தர விடுதி மறுத்துவிட்டது. மறுக்கத்தான் செய்யும், வார இறுதிகளில் இரைச்சல் இருக்கும் என்று முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதியிருந்ததைப் படிக்காமல் ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள்.

கேளிக்கைத் தெருவுக்கு எவ்வளவு அருகில் தங்குகிறோமோ அவ்வளவு வசதி என்ற நம்பிக்கை, எத்தனை முறை மறுத்தாலும் சாகமாட்டேன் என்கிறது. ஆகவே இன்னொரு முறை பொறுமையாகச் சொல்கிறேன். நீங்கள் இரண்டு மணிக்குத் திரும்பிப் படுக்கும்போது அந்தத் தெருவும் உங்களோடு சேர்ந்து படுத்துவிடுவதில்லை. மதுக்கூடங்கள் மூடும் நேரத்தில்தான் வெளியே இரைச்சல் உச்சத்துக்குப் போகிறது. அதுவரை சுவர்களுக்குள் இருந்த கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வந்து, வாசலில் நின்று பேசி, பாடி, சச்சரவிட்டு, டாக்ஸிக்குக் காத்திருக்கிறது. அது அடங்கியதும் காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் கொட்டும் ஓசையும், குப்பை வண்டியும், சரக்கு இறக்கும் வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்புக்கு வெளியே இரவுநேரச் சராசரி ஒலியளவு 40 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு பேர் இயல்பாக உரையாடுவதே ஏறக்குறைய 60 டெசிபெல் என்றால், ஜன்னலுக்குக் கீழே ஒரு கூட்டமே நின்று கத்தினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். காது அடைப்பான் இருக்கிறதே என்பார்கள். அது பேச்சொலியை ஓரளவு குறைக்கும். நடனக் கூடத்தின் தாழ்ந்த அதிர்வொலியோ சுவர் வழியாகவும் கட்டில் வழியாகவும் உடம்புக்கே வந்து சேரும்.

‘நாங்கள்தான் விடியும்வரை வெளியிலேயே இருக்கப்போகிறோமே’ என்பது அடுத்த வாதம். முதல் இரவு அப்படி இருப்பீர்கள். இரண்டாம் இரவு குழுவில் ஒருவருக்காவது தலைவலியோ காய்ச்சலோ வரும். கடைசி இரவுக்கு மறுநாள் அதிகாலையில் விமானம் இருக்கும். அறை வேண்டியிருப்பது அந்த இரவுகளுக்கும் சேர்த்துத்தான்.

இதற்கு நேர் எதிரான தவறு, வாடகை குறைவு என்பதற்காக நகரின் விளிம்பில் தங்குவது. பகலில் இருபது நிமிடத்தில் மெட்ரோவில் வந்த தூரம், இரவு இரண்டு மணிக்கு அதே தூரமாக இருப்பதில்லை. நியூயார்க்கின் சுரங்க ரயில் நாள் முழுவதும் ஓடுகிறது. பெர்லினில் வெள்ளி, சனி இரவுகளில் விடியவிடிய ஓடும். லண்டனில் 2016-இல் தொடங்கிய இரவுச் சேவையும் அதே இரு இரவுகளுக்குத்தான், அதுவும் ஐந்து தடங்களில் மட்டும். டோக்கியோவிலோ நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விட்டால், அடுத்தது காலை ஐந்து மணி அளவில்தான். செவ்வாய் இரவில் தெருவில் நின்றுகொண்டு ‘இந்த ஊரில் இரவு ரயில் உண்டு என்றார்களே’ என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. எந்தக் கிழமை, எந்தத் தடம், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை முன்பதிவு செய்யும் முன் பாருங்கள்.

கேளிக்கைத் தெருவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில், ஆட்கள் குடியிருக்கும் தெருவில் எடுங்கள் என்பதே பெரும்பாலோருக்கு நான் சொல்வது. ஆனால் அந்த நடை எதன் வழியாகப் போகிறது என்பது நிமிடக் கணக்கைவிட முக்கியம். பூட்டிய பூங்காவைச் சுற்றியோ, மேம்பாலத்தின் அடியிலோ, கிடங்குகளுக்கு நடுவிலோ போக வேண்டியிருந்தால் ஐந்து நிமிடமும் அதிகம். இணைய வரைபடத்தின் தெருப்படக் காட்சியில் அந்த வழியைக் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். விளக்குக் கம்பங்கள் உண்டா, நடைபாதை உண்டா, வீடுகளின் வாசல்கள் தெருவைப் பார்த்திருக்கின்றனவா, அல்லது மதில் மட்டும்தானா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

நகர மையம் என்றாலே கேளிக்கை என்றும் எண்ண வேண்டாம். பல நகரங்களில் மையம் என்பது அலுவலகப் பகுதி. லண்டனின் பழைய நிதி வட்டாரத்தில் பல பப்கள் வார இறுதியில் திறப்பதே இல்லை. விடுதியின் இருப்பிடத்துக்குப் பயணிகள் தரும் உயர்ந்த மதிப்பெண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அருங்காட்சியகம் பார்க்க வந்து ஒன்பது மணிக்கு உறங்கப்போனவரும் அதில் மதிப்பெண் போட்டிருக்கிறார். வெள்ளி, சனி இரவுகளில் தங்கியவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் தனியார் குடியிருப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு: முன்பதிவு முடியும்வரை பெரும்பாலும் வரைபடத்தில் ஒரு வட்டத்தை மட்டுமே காட்டுவார்கள், அந்த வட்டத்துக்குள் அமைதியான தெருவும் இருக்கலாம், மதுக்கூட வரிசையும் இருக்கலாம். உரிமையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அறையை உறுதிசெய்யும்போதே உள்முற்றம் பார்த்த, மேல்மாடி அறையை எழுத்தில் கேளுங்கள்; அமைதியான அறைகள் பெரும்பாலும் கேட்டவர்களுக்குத்தான் போகின்றன. இரவு முழுவதும் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பாரா என்று விசாரியுங்கள், ஏனெனில் கதவுக் குறியெண் வேலை செய்யாத மூன்று மணி இரவில் தொலைபேசியை எடுக்காத உரிமையாளரால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. முகவரியை அந்த ஊர் எழுத்தில் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கைப்பேசியின் மின்கலம் தீரும் நேரம் நமக்கு வசதியான நேரமாக இருப்பதில்லை. தாமாக வந்து அழைக்கும் வண்டிக்காரரோடு போக வேண்டாம்; உரிமம் பெற்ற டாக்ஸியையோ செயலியையோ பயன்படுத்துங்கள், ஏறும் முன் வண்டி எண்ணைச் சரிபாருங்கள். தனியாகச் செல்லும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாசலிலேயே வண்டி வந்து நிற்கக்கூடிய தெருவா என்பதையும் பாருங்கள். பழைய நகர்ப் பகுதிகளில் வாகனம் நுழைய முடியாத சந்துகள் உண்டு. அழகாகத்தான் இருக்கும், ஆனால் வண்டி இறக்கிவிடும் இடத்திலிருந்து கதவுவரை நீங்கள் தனியாகத்தான் நடக்க வேண்டியிருக்கும்.