வண்டல் அடிக்கும் முன் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர்

கோடையில் ஏரி வற்றியதும் அதன் வண்டல் மண்ணை அள்ளி வயலுக்கு அடிப்பது வேலூர்ப் பக்கம் காலங்காலமாக இருக்கிற வழக்கம். 2024 முதல் அதற்கான அனுமதியைத் தாசில்தாரே தருகிறார். கலெக்டர் அலுவலகம் வரை அலைய வேண்டியதில்லை, இ-சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். மண்ணுக்குக் காசு கிடையாது. வெட்டுகிற செலவும் வண்டி வாடகையும்தான் நம் பொறுப்பு. நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது சுமார் 25 டிராக்டர் லோடு. புன்செய்க்கு 90 கன மீட்டர், 30 லோடு.

நல்ல திட்டம்தான். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்து விவசாயிகள் டிராக்டருக்குச் சொல்வதற்கு முன்னால் ஒன்றை விசாரிக்க வேண்டும். அந்த ஏரிக்குத் தண்ணீர் எந்த ஓடை வழியாக வந்தது? டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலையின் கழிவு ஓடிய கால்வாய் என்றால், நாம் அள்ளி வருவது சத்து மட்டுமல்ல. பதனிடும் வரை தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பும், பதனிடப் பயன்படுத்திய குரோமியமும் அந்த வண்டலில் படிந்திருக்கலாம்.

இங்கேதான் பலரும் மண்வள அட்டையை நம்பி ஏமாறுகிறார்கள். 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 12 விவரங்கள் வரும்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை (pH), உப்பின் அளவு, கரிமச் சத்து. குரோமியம் இதில் கிடையாது. அட்டையில் எல்லாம் சரியாக இருந்தாலும் குரோமியம் இல்லை என்று ஆகிவிடாது. அதைத் தனியாகக் கேட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும். எங்கே கொடுக்கலாம் என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

அட்டையில் நாம் முதலில் பார்க்க வேண்டியது உப்பின் அளவு. மின்கடத்தலை வைத்து அதை அளப்பார்கள், மண்ணில் மீட்டருக்கு 1 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அப்புறம் கார அமில நிலை. அது 8.5-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் களர், அதாவது சோடியம் ஏறிய நிலம். உப்பு மட்டும் ஏறி, இது 8.5-க்குக் கீழே இருந்தால் உவர். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஜிப்சம் கொட்டுபவர்கள் நிறையப் பேர். ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. உவர் நிலத்தை நல்ல தண்ணீர் தேக்கி, வடித்துத்தான் கழுவ முடியும். களர் நிலத்திலும் ஜிப்சம் போட்டபின் நல்ல தண்ணீர் கட்டி வடித்தால்தான் பலன்.

அந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? கிணறே உப்பாக இருந்தால் ஜிப்சமும் வீண், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததும் வீண். அதனால்தான் மண்ணோடு சேர்த்துத் தண்ணீரையும் கொடுங்கள் என்று சொல்கிறேன். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்தால் போதும். மண் பரிசோதனை நிலையங்களிலேயே பாசன நீரும் பார்க்கிறார்கள். தண்ணீரின் உப்பு அளவு 3 டெசிசைமனைத் தாண்டினால் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்குவதும், பண்ணைக்குட்டை வெட்டுவதும்தான் முதல் வேலை. அந்த நிலத்தில் மண் காப்பு என்பது மழைநீரைக் காப்பதுதான்.

சரி, கிணறு கெட்டதற்கு யார் பொறுப்பு? பல ஆண்டுகளாக நடக்கும் வாதம் இது. கழிவைச் சுத்திகரிக்கிறோம், வெளியே விடுவதில்லை என்பது ஆலைகள் தரப்பு. உரம்தான் தண்ணீரைக் கெடுக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. உரத்துக்கும் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. நைட்ரேட் அதனால் ஏறும். ஆனால் யூரியா மூட்டை குரோமியத்தைக் கொண்டு வராது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழில் வழக்கில் தந்த தீர்ப்பிலேயே, இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகப் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் சொன்னது.

1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நிலத்தடி நீரையும் சேர்த்தே பாதுகாக்கிறது. ஆனால் நடைமுறையில் கண்காணிப்பு ஆலையின் வாசலோடு முடிகிறது, கிணற்றடி வரை வருவதில்லை. கிணற்றையும் தவறாமல் அளக்க வேண்டும் என்பதே என் கருத்து. பழைய உப்பு இன்னும் நிலத்தில் இருக்கிறதே.

நாம் கொடுத்த பாட்டிலின் முடிவை வைத்து மட்டும் ஆலை மீது வழக்கு நிற்காது. கழிவு மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்க வேண்டும். முன்னறிவிப்பு கொடுத்து, இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து எடுக்க வேண்டும் என்கிறது அதே நீர்ச் சட்டத்தின் பிரிவு 21. ஆகவே நம் முடிவின் நகலை மனுவோடு சேர்த்து வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, வாரியமே மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

இழப்பீடு தனிக் கதை. டேனரிக் கழிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2001-லும் 2009-லும் இழப்பீட்டு ஆணைகள் வந்தன. பணம் கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, அதை ஆலைகளிடம் அரசு வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்பா, தாத்தா பெயரில் ஆணை இருக்கிறதா என்று வருவாய்த் துறையில் கேட்டுப் பாருங்கள். வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்ததால், உங்கள் கோப்பு இப்போது ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருக்கலாம்.

புதிதாக இழப்பீடு கேட்பவர்கள் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பாதிப்பு முதலில் ஏற்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அதனால் தண்ணீர்ப் பரிசோதனைக் காகிதத்தைத் தேதியோடு பட்டா, சிட்டா இருக்கும் பையிலேயே பத்திரமாக வையுங்கள்.