244 நானோ விநாடியின் வடிவம்

தொலைபேசி நிலையங்களையும் செல்பேசிக் கோபுரங்களையும் நெடுங்காலம் இணைத்து வந்தது ஈ-1 லைன். அதில் விநாடிக்கு 20,48,000 பிட்டுகள் ஓடுகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் வெறும் 488 நானோ விநாடி. அதற்குள் மின்சாரம் கேபிளில் கிட்டத்தட்ட 100 மீட்டர் போய்விடும்.

பொதுவாக, பிட் 1 என்றால் ஒரு துடிப்பு, 0 என்றால் வெறுமை. துடிப்பும் தன் நேரம் முழுக்க நிற்காது. பாதி, அதாவது 244 நானோ விநாடிதான். முறுக்குக் கம்பியில் ஒன்று +3 வோல்ட் என்றால் அடுத்தது -3 வோல்ட். இப்படி மாறி மாறி வருவதால் சராசரி பூஜ்யமாகி, டிரான்ஸ்ஃபார்மர்களைச் சிக்கலின்றிக் கடக்கும்.

1 வந்ததா இல்லையா என்பது மட்டும்தானே முக்கியம், வடிவத்தை ஏன் பார்க்க வேண்டும்? கேபிள் உயர் அதிர்வெண்களை அதிகமாகத் தின்றுவிடும். முனைகள் மழுங்கும், துடிப்பின் வால் நீண்டு அடுத்த பிட்டின் இடத்தில் கால் வைக்கும். கிளம்பும்போதே கோணலாக இருந்தால் போய்ச் சேரும்போது இன்னும் மோசமாகிவிடும். குட்டையான கேபிளில் பிழையே தெரியாது. நீளமான கேபிளுக்கு மாற்றிய அன்றுதான் பிழைகள் கொட்டும். பிழைகளை எண்ணும் சோதனையோடு நிறுத்திக்கொள்வது போதாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.703 பரிந்துரை இதற்கு ஒரு ‘மாஸ்க்’ வரைந்து வைத்திருக்கிறது. வயலில் இரண்டு வரப்புகளுக்கு நடுவே வாய்க்கால் ஓடுவதுபோல, துடிப்பின் கோடு மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே போக வேண்டும். துடிப்பு இல்லாத நேரத்தில் 0.3 வோல்ட்டுக்கு மேல் அலையக் கூடாது. மேல்துடிப்பும் கீழ்த்துடிப்பும் உயரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் அனுப்பும் சுற்றின் ஒரு பாதி பலவீனமாகிவிட்டதோ என்று பார்க்கலாம்.

அளக்கும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லைனைக் கழற்றிவிட்டு, அனுப்பும் முனையில் 120 ஓம் மின்தடையைப் போட்டுத்தான், மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மின்தடையை மறந்தால் 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டும். ஏற்கெனவே 120 ஓம் இருக்கும் லைனில் இன்னொன்றைச் சேர்த்தால் 2 வோல்ட்டாக இறங்கிவிடும். இரண்டிலும் கருவி மேல் குற்றமில்லை. அப்புறம், இந்த மாஸ்க் அனுப்பும் முனைக்கு உரியது. மறுமுனையில் 6 டெசிபல் வரை, அதாவது உயரம் பாதியாகும் அளவுக்கு, இழப்பு இருக்கலாம். பெறும் கருவி அதைத் தாங்கியாக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் லைனை, மின்தடை சேர்க்காமல், பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்றும் கிடைக்கும். எங்கோ மூட்டு சரியில்லை என்றால் துடிப்பின் ஒரு பங்கு திரும்பி வந்து, அசல் துடிப்பின் மேல் ஒரு படிக்கட்டாக உட்காரும். அந்தப் படி 100 நானோ விநாடி தாமதித்து வந்தால், போய்வர 20 மீட்டர். அளக்கும் இடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி அந்த மூட்டைத் தேடலாம்.