லே: ஏப்ரலில் வராத தண்ணீர்

லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், சிந்து நதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஸ்ரீநகர் சாலை சோஜி லா கணவாயைக் கடந்து வருகிறது. மணாலி சாலையில் அதைவிட உயரமான கணவாய்கள். பனி அவற்றை மூடிவிட்டால் விமானம்தான் வழி.

சாலையை மறிக்கும் அதே மலைகள் மழையையும் மறிக்கின்றன. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று இமயத்தின் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலைக்கு அப்பால் இறங்குவது வறண்ட காற்று. லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்த்து சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

இருந்தும் அங்கே பார்லி விளைகிறது. மேலேயுள்ள பனியாறுகள் உருகி ஓடைகளாக இறங்க, கால்வாய்கள் அந்நீரை வயல்களுக்குக் கொண்டுசெல்கின்றன. முறைவைத்துப் பங்கிடுபவருக்கு ஊரில் சுர்பொன் என்று பெயர். சிக்கல் நீர் வந்துசேரும் காலத்தில் இருக்கிறது. விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். 5,000 மீட்டருக்கு மேல் கிடக்கும் பனியாறு தாராளமாக உருகுவதோ ஜூனில். தாமதித்து விதைத்தால் கதிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். குளிர்காலத்தில் வயலுக்குத் தேவைப்படாத ஓடைநீர் சிந்துவில் போய்ச் சேருகிறது.

அந்த நீரைப் பிடித்துவைக்க வழி கண்டவர் பொறியாளர் செவாங் நோர்பெல். ஓடையை நிழல்படும் சரிவுக்குத் திருப்பி, தாழ்வான கற்சுவர்களால் வேகத்தைத் தணித்தார். மெல்லப் பரவும் நீர் எளிதில் உறையும். அடுக்கடுக்காகப் பனி சேரும். இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்ந்த இடத்தில் இருப்பதால் அது முன்னதாகவே உருகுகிறது. உயரம்தான் இங்கே நாட்காட்டி என்பதை அவர் கண்டுகொண்டது எனக்குப் பெரும் வியப்பு.

ஆனால் அதற்கு உயரமான, நிழலான இடம் வேண்டும். லடாக்கின் இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் சோதித்த பனி ஸ்தூபிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேட்டிலிருந்து புதைகுழாயில் இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே, மோட்டார் இல்லாமல், செங்குத்துக் குழாயில் ஏறிப் பீறிடுகிறது. கடுங்குளிர் இரவில் அத்துளிகள் விழும்போதே உறைந்து கூம்பாக வளர்கின்றன. தரையில் பரப்பிய பனியைவிட, அதே அளவு பனி கூம்பாக நின்றால் வெயில் படும் பரப்பு குறைவு. ஆகவே ஊருக்கு அருகே, திறந்தவெளியிலும் அது வசந்தம்வரை தாங்குகிறது.

நகரின் தாகம் வேறு கதை. லடாக்கின் பழைய உலர் கழிப்பறை நீரே கேட்காது. மண்ணோடு மக்கி வயலுக்கு எருவும் தரும். இன்றைய விடுதிகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கழிப்பறைகளில் கொட்டுகின்றன. விருந்தினருக்கு உலர் கழிப்பறையையே தரும் வீடுகள் அங்கே இன்னும் இருக்கின்றன. லே போகிறவர்கள் அவற்றைக் கேட்டுத் தங்கலாம்.