காலுக்குக் கீழே இன்னொரு குளம்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் மத்தியானம் ஊர்க் குளத்தில் இறங்கினால் இடுப்பு வரை வெந்நீர் மாதிரி இருக்கிறதாம். இன்னும் நாலு எட்டு வைத்ததும் பாதம் மட்டும் சில்லிட்டுப் போகிறதாம். "அந்தச் சில்லுதான் ஆளை உள்ளே இழுக்குதுன்னு பெரியவங்க சொல்றாங்க. காவு வாங்குற குளம்னு பேரே இருக்கு. நிஜமா சார்?"

சில்லிடுவது நிஜம். இழுக்கிற கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

வெயிலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே அது தீர்ந்துவிடும். மீதி வெளிச்சம் தெளிந்த நீரில் நன்றாகவே இறங்கும், ஆனால் நம் குளங்களில் வண்டலும் பாசியுமாகக் கிடப்பதால் அதுவும் வெகுதூரம் போகாது. ஆக, சூடு மேலேயே தங்குகிறது. சூடான தண்ணீர் விரியும், லேசாகும், மிதக்கும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமும் அதுதான். தண்ணீர் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே அளவாக விரிவதில்லை. 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குப் போனால் ஒரு லிட்டருக்கு 0.008 கிராம் போலத்தான் எடை குறையும். அதே தண்ணீர் 29-லிருந்து 30-க்குப் போனால் கிட்டத்தட்ட 0.3 கிராம் குறைகிறது. முப்பது மடங்குக்கும் மேல்! குளிர்நாட்டு ஏரியில் பல டிகிரி வித்தியாசம் சேர்ந்தால்தான் உண்டாகிற அடுக்கு, தஞ்சாவூர்க் குளத்தில் ஓரிரண்டு டிகிரியிலேயே அமைந்துவிடும். மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் கலக்க வேண்டுமென்றால் கனமான கீழ்நீரை யாராவது தூக்கி மேலே கொண்டுவர வேண்டும். சித்திரை மத்தியானத்தில் அரச இலைகூட ஆடாத காற்று அதைச் செய்யாது.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, நாலு சொட்டு பீட்ரூட் சாறு விடுங்கள். இன்னொன்றில் பானைத் தண்ணீர். சிவப்பு டம்ளரின் வாயைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் மூடி, கவிழ்த்து, மற்றதன் மேல் உட்கார வைத்து, அட்டையை மெல்ல உருவுங்கள். சிவப்பு மேலேயே நிற்கும். நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். அடுத்த முறை பானைத் தண்ணீரை மேலே வைத்துச் செய்யுங்கள். அட்டை நகரும்போதே சிவப்பு சுருள் சுருளாக மேலே ஏறி, ஒரு நொடியில் எல்லாம் ஒரே நிறம். பத்துத் தடவைக்கு மேல் செய்துவிட்டேன், இன்னும் சலிக்கவில்லை. சமையல் மேடையைத் துடைக்க வேண்டியிருப்பதில் வீட்டில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

இந்த இரண்டாவது டம்ளர் கதைதான் ராத்திரியில் குளத்தில் நடக்கிறது. பொழுது சாய்ந்ததும் மேல்நீர் ஆவியாகியும் வானத்துக்குச் சூட்டை விட்டும் குளிர்கிறது, கனமாகி இறங்குகிறது, கீழே இருப்பது மேலே வருகிறது. ஆழம் குறைந்த குளம் விடிவதற்குள் தன்னைத்தானே கிண்டி முடித்துவிடும். காலை ஆறு மணிக்கு இறங்கிப் பாருங்கள், தலையிலும் காலிலும் ஒரே பதம். மேட்டூர் மாதிரி ஆழமான அணையில் ஒரு ராத்திரிக் கிண்டல் அடிவரை எட்டாது. அங்கே அடுக்கு நாள்கணக்கில் நீடிக்கும். மேட்டூரின் 120 அடியில் இன்று எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி என்று பேப்பரில் தினமும் படிக்கிறோம். அந்தத் தண்ணீர் மேலே எத்தனை டிகிரி, அடியில் எத்தனை டிகிரி என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கயிற்றில் ஒரு வெப்பமானியைக் கட்டி இறக்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்? கோயில் குளத்துக்குக் கம்பிவேலி போடக் கிடைக்கிற காசு இதற்குக் கிடைக்காது.

அளந்து வைத்தால் மீன் வளர்ப்பவர்களுக்காவது உதவும். நாலு நாள் கொளுத்திவிட்டுத் திடீரென்று கோடைமழை கொட்டினால் மேல்நீர் சட்டென்று குளிர்ந்து இறங்கும். அடியில் இலைதழை அழுகி ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீர் மேலே வரும். மறுநாள் காலை கெண்டையெல்லாம் வயிறு தெரிய மிதக்கும். "எவனோ மருந்தைக் கலந்துட்டான்" என்று இரண்டு பங்காளிகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, இழுக்கிற கதை. குளிர்ந்த நீர் கனமானது. கனமான நீர் ஆளை அதிகமாக மேலே தள்ளும். 60 கிலோ ஆள் முழுக்க முங்கினால் ஏறக்குறைய 60 லிட்டர் இடம் அடைப்பார். மேலே 33 டிகிரி, கீழே 29 என்று வைத்துக்கொண்டால், கீழே அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் தாங்கல் 75 கிராம் போல. ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் எடை. இழுப்பதற்குப் பதில் எலுமிச்சம்பழ அளவுக்குத் தூக்கிவிடுகிறது பாவம் அந்தச் சில்லு! 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் விழுந்தால் தன்னையறியாமல் மூச்சை இழுத்துத் தண்ணீர் குடித்துச் சாவதுண்டு. அதற்கு நம் குளத்துச் சில்லு போதாது.

அப்புறம் ஏன் அதே இடத்தில் ஆள் போகிறது? சில்லிடுகிற இடம்தான் ஆழம். தூர்வாரியபோதோ செங்கல் சூளைக்கு மண் எடுத்தபோதோ வெட்டிய பள்ளம் அங்கே தொடங்குகிறது, அடியில் கணுக்கால் புதைகிற சேறு. எங்கள் பெரியம்மா படித்துறையில் துணி துவைத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கத்துவார்: "காலு சில்லுங்குதாடா? அப்படியே திரும்பு!" அவருக்கு அடர்த்தி என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டுதான் நீச்சல் பழகினோம்.

ஆனால் இந்தச் சில்லை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது. ஓடுகிற தண்ணீர் புரண்டுகொண்டே வருவதால் மேலும் கீழும் ஒரே சூடுதான். பள்ளம் வந்தாலும் காலுக்குத் தெரியாது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும்போது, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மணலில் அள்ளிய குழிகளெல்லாம் தண்ணீருக்கடியில் மறைந்துவிடும். போன வருஷம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வருஷம் இரண்டாள் ஆழம். யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காமல், கயிறு கட்டிய காலிப் பிளாஸ்டிக் குடத்தை வீசுவது மேல்.

மதகு ஷட்டருக்கு அடியில் தண்ணீர் விழுகிற இடம் இன்னும் மோசம். விழுகிற தண்ணீர் அடியில் பாய்ந்து போக, மேல்தண்ணீர் மட்டும் ஷட்டரை நோக்கித் திரும்பி வரும். போன ஆடியில் ஒரு வாய்க்கால் ரெகுலேட்டர் மேல் நின்று ஒற்றை ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முங்கும், பத்தடி தள்ளி எழும்பும், மெதுவாக ஷட்டருக்கே திரும்பி வரும், மறுபடி முங்கும். டீ குடித்துவிட்டு அரைமணி கழித்து வந்தேன். அப்போதும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது.