முன்சக்கரத்தில் வரும் ‘டக்’ சத்தம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பகுதி முழுக்க மேடும் சரிவும்தான். அங்கே பல வீடுகளுக்குள் காரை நேராக ஏற்ற முடியாது. கொஞ்சம் சாய்வாகத் திருப்பி, ஒரு முன்சக்கரத்தை முதலில் ஏற்றி, மற்றதைப் பின்னால் கொண்டுவர வேண்டும். அப்போது அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, “ஷாக் போயிடுச்சு தம்பி, மாத்திடு” என்பார். பெரும்பாலும் அந்த ஷாக், அதாவது குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர், போயிருக்காது. ஷாக் தேய்ந்தால் பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி ஊஞ்சலாடும், ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்திருக்கும். ஒற்றைத் தட்டாக வரும் சத்தத்துக்கு வேறு இடங்களை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த நாட்டிலேயே பிராஸ்பெக்டனில் தயாராகும் டொயோட்டா கொரோலா கிராஸோ, காரியேகாவில் தயாராகும் ஃபோக்ஸ்வாகன் போலோவோ, முன்பக்கம் இருப்பது 1940களில் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்த ஸ்ட்ரட் அமைப்பு. மேலே ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண், கீழே சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் ஒரு கை, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி. இவை சேரும் இடங்களில் புஷ் என்னும் ரப்பர் திண்டு இருக்கும், அல்லது கிரீஸில் உட்கார்ந்த பந்து மூட்டான பால் ஜாயின்ட் இருக்கும். தேயத் தேய உள்ளே இடைவெளி விழும். ஆனால் இடைவெளி மட்டும் சத்தம் போடாது. பாரம் ஒரே பக்கம் அழுத்தும்வரை பாகங்கள் ஒட்டியே நிற்கும். பாரம் திசை மாறும்போது ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தாவி மோதும். தண்ணீர் வாளியைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது கைப்பிடி பேசாது, கீழே வைத்துத் தூக்கும்போது ‘கடக்’ என்னும், அதுபோலத்தான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆட்டமே போதும்.

அதனால் சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் என்று காதை நம்பினால் ஏமாறுவீர்கள். இரும்பு வழியே ஒலி ஓடி, இடதுபக்க ஆட்டம் வலதுபக்கம் கேட்கும்.

சாய்வாக ஏறும்போது வரும் சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது அந்தக் கம்பியின் முனையை இணைக்கும் சிறு தண்டு. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி முறுக்கேறாது, லிங்க்கும் பெரிதாக வேலை செய்யாது. ஒன்று மட்டும் ஏறினால் கம்பி முறுக்கி லிங்க்கை இழுக்கும், தள்ளும். இதைச் சோதிக்கும்போது பலர் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக் போட்டுத் தூக்கிவிட்டு லிங்க்கை ஆட்டிப் பார்க்கிறார்கள். அப்போது முறுக்கேறிய கம்பி லிங்க்கை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆட்டம் இருந்தாலும் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே லிங்க்கின் ஜாயின்ட்டில் விரலை வைத்து, இன்னொருவரை வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லுங்கள். தட்டு விரலுக்கே தெரியும். நல்லவேளை, மாற்ற வேண்டியவற்றில் விலை குறைந்த பாகங்களில் இதுவும் ஒன்று.

பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரு தட்டு வந்தால் கீழ்க்கையின் பின்புறப் புஷ்ஷைப் பாருங்கள். கரடுமுரடான சாலையில் லொடலொடவென்று வரும் சத்தம் பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுபோனால், பிரேக் பேட் அல்லது அதைப் பிடித்திருக்கும் காலிபர் தளர்வு. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்றால் ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்கும் மவுண்ட், அல்லது ஸ்ப்ரிங் முறிவு. கடலோரத்தில் இரண்டாவதை லேசாக விடக்கூடாது. ஸ்ப்ரிங்கின் அடிச்சுற்றில் மணலும் ஈரமும் தங்கி, பெயிண்ட் உரிந்து, உப்புக்காற்றில் துரு பிடித்து அந்த இடத்திலேயே உடையும். உடைந்த முனை டயரைக் கிழிக்கவும் கூடும்.

பால் ஜாயின்ட்டைச் சோதிக்க வண்டியைத் தூக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். தொங்கும் சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டுங்கள்; ஆடினால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியின் முனை. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும், ஆகவே அது ஆடுகிற வண்டியை ஓட்டாதீர்கள். வண்டியை விற்பதானால் பெயர் மாற்றத்துக்கு ரோட்வர்த்தி, அதாவது சாலைத் தகுதிச் சோதனை இருக்கிறது. அங்கேயும் இதைப் பார்ப்பார்கள்.

மாற்றும்போது ஒரு விஷயத்தில் நிறைய கடைகள் அவசரப்படுகின்றன. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் வண்டியை இறக்கியதும் கீழ்க்கை மேலே எழும்ப, ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். புதுப் புஷ்ஷாக இருந்தாலும் சீக்கிரமே கிழியும். போல்ட்டை லேசாகப் பிடிக்கவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு முழுதாக முறுக்கச் சொல்லுங்கள். கீழ்க்கையோ, ஸ்ட்ரட்டோ, டை ராடோ மாற்றினால் சக்கர அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். லிங்க் மட்டும் மாற்றினால் அது தேவையில்லை, கடையில் அதையும் செய்யச் சொன்னால் மறுத்துவிடலாம்.