ரெண்டு மிஷினும் நாற்பதாம் நம்பர்தான்

நூற்பாலையின் சோதனை அறையில் ரேப் ரீல் என்று ஒன்று இருக்கும். பார்க்க ராட்டை மாதிரி இருக்கும், சுற்றளவு ஒன்றரை கஜம். நூலை எண்பது சுற்றுச் சுற்றினால் 120 கஜம். அதுதான் ஒரு லீ. அதைக் கழற்றித் தராசில் வைத்து எடை பார்த்து, 64.8-ஐ அந்த கிராம் கணக்கால் வகுத்தால் நூலின் நம்பர் வந்துவிடும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை அடங்குகிறதோ அதுதான் நம்பர்; மில்லில் கவுண்ட் என்பார்கள். லீ என்பது சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. பவுண்டு 453.6 கிராம், அதில் ஏழில் ஒன்று 64.8. நாற்பதாம் நம்பர் நூல் என்றால் லீ 1.62 கிராம் நிற்க வேண்டும்.

பி.எஸ்ஸி. புள்ளியியல் முதலாண்டு வகுப்பில் முதல் வாரமே இதைத்தான் எழுதிப் போடுவேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மில்லும் தறியும் பனியன் கம்பெனியும் வீட்டுச் சமாச்சாரம். சோமனூர், பல்லடம், அவிநாசி என்று வருகிறார்கள். கணக்குக்காக நானே உண்டாக்கிய எண்கள் இவை. முதல் மிஷினில் ஐந்து லீ: 1.60, 1.63, 1.62, 1.61, 1.64. இரண்டாம் மிஷினில் ஐந்து: 1.52, 1.71, 1.60, 1.69, 1.58. கூட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் 8.10. சராசரி இரண்டுக்கும் 1.62. ரெண்டு மிஷினும் நாற்பதாம் நம்பர்தான்.

ஆனால் இரண்டாம் மிஷின் நூலைப் பின்னலுக்குக் கொடுத்தால் துணியில் தடிப்பும் மெலிவுமாகப் பட்டை விழும். 1.52 கிராம் லீ என்றால் அது 42.6-ஆம் நம்பர், 1.71 என்றால் 37.9. ஒரே லேபிள் ஒட்டிய கோன்களுக்குள் இத்தனை வித்தியாசம். சராசரியில் இது தெரியவே தெரியாது. முதலாண்டில் பிள்ளைகள் கற்கும் அத்தனைக்கும் அடியில் ஓடுவது இந்தச் சங்கதிதான்: எண்கள் எங்கே நிற்கின்றன என்பது பாதிச் செய்தி, எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பது மீதி.

சிதறலை எப்படி அளப்பது? ஒவ்வொரு எடையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டாம் மிஷினுக்கு −0.10, +0.09, −0.02, +0.07, −0.04. கூட்டினால் பூஜ்யம். எப்போதுமே பூஜ்யம்தான் வரும். சராசரி என்பதே மேலும் கீழும் சமமாகும் இடம். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம்: 0.0250. அதை நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.079 கிராம். இதுதான் திட்ட விலக்கம். முதல் மிஷினுக்கு இதே கணக்கில் 0.0158 வரும். சரியாக ஐந்து மடங்கு வித்தியாசம். சராசரியில் எத்தனை சதவீதம் என்று மாற்றினால் முதலாவது சுமார் 1, இரண்டாவது கிட்டத்தட்ட 5. மில்லில் கவுண்ட் சி.வி. என்று சொல்வது இந்தச் சதவீதத்தைத்தான்.

ஐந்து எண் இருக்க, நான்கால் ஏன் வகுத்தோம்? வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்பார். யாரும் கேட்காத வருடம் எனக்குத்தான் கவலை. விலகல்களில் முதல் நான்கையும் பாருங்கள்: −0.10, +0.09, −0.02, +0.07. கூட்டினால் +0.04. மொத்தம் பூஜ்யமாக வேண்டுமென்றால் ஐந்தாவது −0.04 ஆகத்தான் இருக்க முடியும். அதை மூடி வைத்தாலும் கண்டுபிடித்துவிடலாம், ஆகவே அது புதிதாக எதையும் சொல்லவில்லை. உண்மையில் சேதி சொல்பவை நான்குதான். ‘டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்’ என்று மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டுப் போகிறார்களே, அதன் உள்விஷயம் இவ்வளவுதான். ஐந்தால் வகுத்தால் சிதறல் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும்.

இதற்கு நடுவில் வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், அணிகள், கணினியில் ஆர் மொழி, ரெக்கார்டு நோட்டு எல்லாம் வந்து போகும். ‘கணக்கு வேண்டாம்னுதானுங் சார் இதுல சேர்ந்தேன்’ என்று சொன்ன பையனுக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? மணி கவிழ்த்த மாதிரி இருக்கும் இயல்நிலைப் பரவலின் அடியில் உள்ள பரப்பு வேண்டுமென்றால் தொகையீடு தெரிய வேண்டும். அந்தத் தொகையீட்டுக்கு வழக்கமான சூத்திரங்களால் விடை எழுத முடியாது. அதனால்தான் பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் அட்டவணை. அணிகளின் அருமை இரண்டாம் ஆண்டில் தெரியும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஐந்து லீயை வைத்து ஒரு மிஷினைப் பற்றி எவ்வளவு நிச்சயமாகப் பேசலாம்? இதே சிக்கல் டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டுக்கு வந்தது. பார்லியையும் அதிலிருந்து வரும் சரக்கையும் சோதிக்க அவருக்குக் கிடைத்ததெல்லாம் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவீடுகள். அன்றிருந்த முறைகளோ நிறைய அளவீடுகள் இருந்தால்தான் செல்லும். சிறிய மாதிரிகளுக்கென்று அவர் போட்ட கணக்கு 1908-இல் வெளியானது. ஆலை தன் ஊழியர்களைச் சொந்தப் பெயரில் எழுத விடாததால் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். இன்றும் அது ஸ்டூடன்ட் டி-பரவல்தான். மாணவர்களுக்காக எழுதியதால் அந்தப் பெயர் என்று விடைத்தாளில் எழுதியவர்களும் உண்டு.

நம் மிஷின்களுக்கே அதைப் போட்டுப் பார்ப்போம். திட்ட விலக்கத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, டி அட்டவணையில் உள்ள 2.776-ஆல் பெருக்க வேண்டும். அளவீடுகள் ஏராளமாக இருந்தால் அந்த இடத்தில் 1.96 போதும், ஐந்தே ஐந்தை வைத்துப் பேசுவதற்குக் கட்டும் அபராதம்தான் அந்தக் கூடுதல். முதல் மிஷினின் உண்மையான சராசரி 1.60-க்கும் 1.64-க்கும் நடுவில் என்று வருகிறது. இரண்டாவதற்கு 1.52 முதல் 1.72 வரை. இப்படி எல்லை போடும் முறையை நூறு முறை கையாண்டால், சுமார் 95 முறை உண்மை அந்த எல்லைக்குள் சிக்கும். ஆக, இரண்டாம் மிஷின் நாற்பதாம் நம்பர்தான் ஓட்டுகிறதா என்று ஐந்து லீயை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இன்னும் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தப்பு பாதியாகக் குறைய வேண்டுமென்றால் லீயின் எண்ணிக்கை இரட்டித்தால் போதாது, ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். வர்க்கமூலம் கேட்கும் விலை அது.

எத்தனை எடுப்பது என்பதைவிடப் பெரிய கேள்வி, எதை எடுப்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், கொதிக்கிற தண்ணீர் அரிசியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருப்பதால். ஈரோட்டு மஞ்சள் மூட்டைக்குள் எதுவும் கொதிப்பதில்லை. மேலாக நல்ல விரலியை வைத்து அடியில் பொடிசை நிரப்பினால், மேலே கைவிட்டு எடுத்த சாம்பிள் மேலாக இருப்பதை மட்டும்தான் சொல்லும்.

இந்தப் பாடத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பயிர் அறுவடைச் சோதனை. கோபி பக்கம் நெல் அறுப்பு நேரத்தில், தேர்ந்தெடுத்த வயலுக்கு அலுவலர்கள் டேப்போடு வருவார்கள். வயலின் தென்மேற்கு மூலைதான் தொடக்கம், நம் பேச்சில் கன்னி மூலை. நீளம் எத்தனை எட்டு (காலடி), அகலம் எத்தனை எட்டு என்று அளந்துகொண்டு, சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து இரண்டு எண் எடுப்பார்கள். அத்தனை எட்டு நீளவாக்கில், அத்தனை எட்டு குறுக்கே. போய் நிற்கிற இடத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த ஊரின் மகசூல் மதிப்பீடு இப்படிப்பட்ட சதுரங்களிலிருந்து வருகிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் இந்த எடை போகிறது.

எண் கொண்டுபோய் நிறுத்திய இடம் வெளுத்துப்போன பயிராக இருந்தால் தோட்டக்காரர் சும்மா இருப்பாரா? ‘ஏனுங்க, அங்க பாருங்க எப்படி நிக்குதுன்னு, அதை அறுக்காம இதைப் போயி அறுக்கறீங்க?’ என்பார். காப்பீட்டுப் பணத்தை நினைப்பவராக இருந்தால் நல்ல பயிரைக் காட்டாமல் வெளுத்ததைக் காட்டுவார். இரண்டு பேரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அலுவலருக்கும் கண் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. கண்ணை நம்பாமல் எண்ணை நம்புவதற்குத்தான் இத்தனை பாடு. அப்படியும் சாய்வு வேறு வழியில் புகுந்துவிடும். சதுரம் சின்னதாக இருந்தால் மகசூல் கூடுதலாகக் காட்டும் என்று 1940-களில் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே எடுத்துக்காட்டினார். கயிற்றின் மேலேயே நிற்கும் பயிரை உள்ளேயா வெளியேயா என்று பார்க்கும்போது கை தானாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. சதுரம் சிறுக்கச் சிறுக்கப் பரப்பைவிட ஓரம்தான் அதிகம். இந்தியாவில் மாதிரி ஆய்வுகளுக்கு வழி போட்ட மகலனோபிஸ் சிறிய சதுரங்களின் பக்கம் நின்றார். இருவருக்கும் நல்ல வாக்குவாதம். மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29-ஐத்தான் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இரண்டாம் செமஸ்டரில் நிகழ்தகவு கனக்கத் தொடங்கும்போது திருப்பூருக்குப் போய்விடுவேன். 8000 டி-ஷர்ட் பேக்கிங் முடிந்து நிற்கிறது. பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் வருகிறார். எட்டாயிரத்தையும் பிரிப்பதில்லை. ஏ.க்யூ.எல்., அதாவது எத்தனை சதவீதம் டேமேஜ் வரை ஏற்கலாம் என்ற அளவு; அதற்கான அட்டவணையைப் பார்க்கிறார்: 3201-இலிருந்து 10,000 பீஸ் வரை உள்ள லாட்டுக்கு, வழக்கமான நிலையில், 200 பீஸ். ஏ.க்யூ.எல். 2.5 என்றால் டேமேஜ் பத்து வரை பாஸ், பதினொன்று என்றால் ஃபெயில். அமெரிக்க ராணுவக் கொள்முதலுக்காகப் பிறந்து, 1950-இல் ஒரு தரவரையறையாகி, இன்று ஐ.எஸ்.ஓ. 2859 என்று புழங்கும் அட்டவணை அது.

இந்தப் பத்து எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பீஸும் நல்லது அல்லது டேமேஜ். 200 தடவை சுண்டப்பட்ட, ஒரு பக்கம் சாய்ந்த காசு மாதிரி. ஈருறுப்புப் பரவல் இதற்கென்றே இருக்கிறது. லாட்டில் உண்மையில் 2.5 சதவீதம் டேமேஜ் என்றால் 200-இல் சராசரியாக 5 மாட்டும். பத்தைத் தாண்டாமல் பாஸாகும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 98.7. டேமேஜ் 8 சதவீதம் என்றால் பாஸாவது நூற்றில் சுமார் ஏழு தடவைதான். இதுவரை எல்லோருக்கும் சம்மதம். டேமேஜ் 5 சதவீதம், அதாவது ஏற்றுக்கொண்ட அளவைப்போல இரண்டு மடங்கு என்றால்? நூற்றில் 58 தடவை பாஸ். போர்டில் இதை எழுதியதும் வகுப்பு கொஞ்சம் அசையும்.

இந்தக் கணக்கு செல்ல ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பீஸ் டேமேஜ் ஆவது அடுத்ததைப் பாதிக்கக் கூடாது. பின்னல் மிஷினில் ஒரு ஊசி போனால் துணி நெடுக ஒரே கோடு ஓடும். அந்தத் துணியில் வெட்டிய பீஸெல்லாம் வரிசையாக ஒரே பெட்டிக்குள் போய் உட்காரும். ஆகவே பல பெட்டிகளிலிருந்து எடுத்தால்தான் 200 என்பது 200.

அடுத்து பேய்ஸ் தேற்றம்: முன்பே தெரிந்த வாய்ப்பைப் புதிதாகக் கிடைத்த சேதியைக் கொண்டு திருத்தும் கணக்கு. தாமஸ் பேய்ஸ் எழுதியது, அவர் இறந்த பிறகு 1763-இல் அச்சேறியது. இரண்டு கம்பெனிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நூறு லாட்டில் 90 நல்லது (2.5 சதவீத டேமேஜ்), 10 மோசம் (5 சதவீதம்). இன்னொன்றில் பாதிக்குப் பாதி. முதல் கம்பெனியில் பாஸானவற்றில் நல்லது கிட்டத்தட்ட 89, மோசம் கிட்டத்தட்ட 6; பாஸ் முத்திரை குத்திய லாட் மோசமாக இருக்கும் வாய்ப்பு 6 சதவீதம். இரண்டாம் கம்பெனியில் பாஸானவை நல்லது 49, மோசம் 29. வாய்ப்பு 37 சதவீதம். ஒரே இன்ஸ்பெக்டர், ஒரே அட்டவணை, ஒரே முத்திரை. மோசமான லாட் பாஸாகும் வாய்ப்பு 58 என்பது ஒரு கேள்விக்கு விடை. பாஸான லாட் மோசமாக இருக்கும் வாய்ப்பு என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் முதலாண்டில் தேறிவிட்டார் என்பேன், மார்க் என்னவானாலும்.

போன வருடம் இதை நடத்தி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ‘எங்கம்மா செக்கிங்லதானுங் சார் இருக்காங்க. எந்த லைன்ல இருந்து வந்த பீஸுன்னு பாத்துட்டுத்தான் எவ்வளவு உன்னிப்பா பாக்கோணும்னு முடிவு பண்ணுவாங்களாமா.’

அதேதான் இது என்றேன்.

‘அப்ப அந்தத் தொண்ணூறு, அம்பதுங்கறத யாருங் சார் சொல்லுவாங்க?’

பழைய லாட்டுகளின் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம் என்றேன்.

‘அந்த நோட்டுல பாஸா ஃபெயிலான்னு மட்டும்தானுங் சார் எழுதியிருக்கும்.’

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கணக்கு முதலாண்டுப் பாடத்திட்டத்தில் இல்லை.