அழித்த வைரஸ் மறுநாள் எப்படித் திரும்பி வருகிறது?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து அழித்த வைரஸ், மறுநாள் காலை அதே எச்சரிக்கையோடு வந்து நிற்கிறதே, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும் காரணம் எளிது. அழிந்தது ஃபைல் மட்டும்தான். அதைக் கிளப்பிவிடும் ஏற்பாடு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலோ, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரிலோ அப்படியே இருக்கும். லாகின் செய்ததும் அது இணையத்திலிருந்து புதுப் பிரதியை இறக்கிக்கொள்ளும். அதையும் சேர்த்து எடுத்தால் சரி.

ரூட்கிட், அதாவது தன்னைக் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்ளும் மென்பொருள், புகுந்திருந்தால் கதையே வேறு. ஒரு ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்பதை புரோகிராம்கள் விண்டோஸிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. ரூட்கிட் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே உட்கார்ந்துகொண்டு, பதில் வெளியே போவதற்குள் தன் பெயரை மட்டும் அதிலிருந்து உருவிவிடும். பொய்சாட்சியை விசாரிப்பது போலத்தான். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்.

ஆனால் அந்தப் பொய்யே அதைக் காட்டிக்கொடுக்கும். விண்டோஸ் தரும் பட்டியல் ஒன்று. ஹார்ட் டிஸ்கை நேரடியாகப் படித்து நாமே தயாரிக்கும் பட்டியல் இன்னொன்று. டிஸ்கில் இருந்து, விண்டோஸ் பட்டியலில் இல்லாத பெயர் எதுவோ, அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒளியாமல் இருந்திருந்தால் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் ஒன்றாகத் தப்பியிருக்கும்! எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

2005-இல் விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் இப்படி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தன் கம்ப்யூட்டரில் ஒரு ரூட்கிட்டைப் பிடித்தார். சோனி பிஎம்ஜியின் இசை சிடியில், பாட்டை நகலெடுக்கவிடாமல் தடுப்பதற்காக வைத்த மென்பொருள் அது. பெயர் '$சிஸ்$' என்று தொடங்கும் எதையும் மறைத்தது. நோட்பேடின் பிரதி ஒன்றுக்கு அப்படிப் பெயர் வைத்துப் பார்த்தார். அதுவும் காணாமல் போனது. கடைசியில் அந்த மென்பொருளை அழித்தபோது சிடி டிரைவே வேலை செய்யாமல் போனது. சிடி டிரைவை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள்களின் வரிசையில் அது தன்னையும் கோத்துவைத்திருந்ததால், ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கண்ணியையும் எடுக்க வேண்டியிருந்தது.

விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' செய்வதும் இதை ஒட்டியதுதான்: வழக்கமான விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே தேடலை முடித்துவிடும். அப்போது பொய் சொல்ல ரூட்கிட் விழித்திருக்காது.

அலுவலகம் என்றால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து ஊழியர்கள் மறைக்கும் அலுவலகங்களில்தான் இது ஷேர்டு ஃபோல்டர் வழியாக மேசை மேசையாகப் பரவுகிறது. சொன்னவரைத் திட்டும் மேலாளர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

ரூட்கிட் என்று உறுதியானால், தேவையான ஆவணங்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல். பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள்; பழையதில் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் அது படித்திருக்கக்கூடும்.